என்னைப் பெண் பார்க்க வந்த புரொபசர்

ஆசைப்பட்டது கிடைக்காமலே போனால்கூடப் பரவாயில்லை. லேட்டாகக் கிடைக்கிறது பாருங்கள், அதுதான் ஆளைக் கொல்லும். கிடைக்காவிட்டால் ஒரு வாரம் (என் விஷயத்தில் ஒரு வேளை) சோறு இறங்காமல் சுற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். லேட்டாகக் கிடைக்கும்போதோ, நாம் ஏற்கெனவே வேறொன்றுக்குத் தலையாட்டி, ஊருக்கெல்லாம் இனிப்பு கொடுத்து, டி-ஷர்ட்டும் வாங்கியிருப்போம்.

டி-ஷர்ட் என்று சும்மா சொல்லவில்லை. பள்ளி முடிக்கிற வருடம், மியூசிக்கல் தியேட்டர் படிப்பதற்காக இரண்டு கல்லூரிகளின் மேல் உயிரை வைத்திருந்தேன். ஒரே ஆள் ஒரே நேரத்தில் பாடி, ஆடி, நடிக்கப் பழகும் படிப்பு அது. முதல் கல்லூரி டெக்ஸஸிலேயே இருந்தது. ஃபிரிஸ்கோவில் எங்கள் வீட்டில் அம்மா வைத்த குழம்பு கெடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். இரண்டாவது, நியூ ஜெர்சியில். சின்ன வகுப்பு, பெரிய பேர், ரயில் ஏறினால் நியூயார்க். டெக்ஸஸ் உடனே சேர்த்துக்கொண்டது. ஜெர்சி என்னை வெயிட்லிஸ்டில் போட்டது. நான் ஆசைப்பட்டது எதற்கென்று சொல்லத் தேவையில்லை.

டெக்ஸஸுக்குச் சரி சொன்ன அன்றே அம்மா அந்தக் கல்லூரிக் கடையில் எங்கள் நாலு பேருக்கும் மாம்பழ மஞ்சளில் டி-ஷர்ட் ஆர்டர் பண்ணிவிட்டார். அப்பாவுடையதில் கல்லூரிப் பெயருக்குக் கீழே ‘டாட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இத்தனை வருட ஐ.டி. உத்தியோகத்தில் எந்தப் பதவியும் அப்பாவுக்கு அவ்வளவு பூரிப்பைத் தந்ததில்லை.

அந்தப் பார்சல் வந்து சேர்ந்த வாரம், ஜெர்சியிலிருந்து போன் வந்தது. ஒரு இடம் காலியாகியிருக்கிறது, வருகிறாயா, திங்கட்கிழமைக்குள் சொல்.

அன்றைக்கு என் நடையே மாறிவிட்டது. இரண்டு தேசத்து இளவரசர்கள் வாசலில் நிற்க, கையில் மாலையோடு யோசிக்கும் சுயம்வர ராஜகுமாரி நான். ஃபிரிட்ஜைக்கூட ஒரு பெருமூச்சோடுதான் திறந்தேன்.

“ஜெர்சியா? அங்க யாருடா இருக்கா நமக்கு?” என்றார் அம்மா.

“ஈஸ்ட் பிரன்ஸ்விக்ல அத்தை இருக்காங்களேம்மா.”

“உங்க அத்தை நான் போன் பண்ணாலே எடுக்க மாட்டா. உனக்கு ஜுரம்னா எடுத்துருவாளாக்கும்!”

அப்பா தன் தங்கையைப் பற்றிய இந்தப் பகுதியை மட்டும் காதில் வாங்கவில்லை. “டி-ஷர்ட் ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்களாம், வித்யா. இப்பதான் பாத்தேன்” என்றார் அம்மாவிடம், கவலையோடு.

சிக்கலைத் தீர்க்க வழி தானாகவே வந்தது. ஜெர்சி கல்லூரியில் அந்தத் துறையின் தலைவர் லிண்டா, அண்ணன் மகளின் பட்டமளிப்புக்காக அந்த வாரக் கடைசியில் எங்கள் பக்கத்து ஊரான டாலஸுக்கு வருகிறாராம். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ஒரு காபி கடையில் அரை மணி நேரம் சந்திக்கலாம் என்று மெயில் போட்டிருந்தார்.

“நம்ம ஊர் வரைக்கும் வர்றாங்க, கடையில உக்கார வெச்சா பேசறது? வீட்டுக்கு வரச் சொல்லு” என்றார் அம்மா.

“ஞாயிறு மூணு மணிக்கு வரச் சொல்லு. நாலரைக்கு ராகு காலம், அதுக்குள்ள பேசி முடிச்சுரணும்” என்றார் அப்பா.

எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. (ராஜகுமாரிகள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.)

ஞாயிற்றுக்கிழமை மாடியிலிருந்து இறங்கி வந்தால் வீடெல்லாம் நெய் வாசனை. அடுப்பில் கேசரி. பக்கத்தில் வாழைக்காய் பஜ்ஜி பொரிகிறது. சோபாவைச் சுவரோரம் தள்ளி, எதிரே டைனிங் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். அம்மா பட்டுப் புடவையில் இருக்கிறார். பஜ்ஜி மணம் பிடித்து வந்த பக்கத்து வீட்டு சேகர் அங்கிள், பெரிய மனிதர் தோரணையில் முதல் நாற்காலியில் இருக்கிறார்.

என் தங்கை நிலாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இந்த ஊரிலேயே பிறந்தவள். “அம்மா, இஸ் ஹி கெட்டிங் மேரீட்?” என்று கேட்டாள்.

“அம்மா, என்னம்மா இதெல்லாம்?” என்றேன்.

“முக்கியமானவங்க வீட்டுக்கு வந்தா வேற என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலடா” என்றார் அம்மா, கரண்டியோடு. பாவம், நிஜமாகவே தெரியவில்லை.

மணி அடித்தது. அப்பா போய்க் கதவைத் திறந்தார். ‘புதுசா எதையாவது போட்டுட்டு நில்லுங்க’ என்று அம்மா சொல்லியிருந்தார். வீட்டில் பிரிக்காத புதுத்துணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒட்ட வெட்டிய நரைத்த முடியோடு வாசலில் நின்ற லிண்டாவின் கண்கள், அப்பாவின் மார்பில் மாம்பழ மஞ்சளில் மின்னிய போட்டிக் கல்லூரியின் பெயரை நிதானமாகப் படித்தன. நிச்சயம் ஆன பெண்ணின் தகப்பனார், முதல் சம்பந்தியின் படத்தை நெஞ்சில் மாட்டிக்கொண்டு இரண்டாவது சம்பந்தியை ‘வாங்க வாங்க’ என்பது போல இருந்தது.

“நல்ல கல்லூரி” என்றார் லிண்டா.

“தேங்க் யூ!” என்றார் அப்பா, முழு மனதோடு.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஆதி, பஜ்ஜி எடுத்துட்டு வாப்பா.”

ஆக, அமெரிக்காவில் பஜ்ஜித் தட்டோடு தலை குனிந்து வந்து நின்ற முதல் ஆண் பிள்ளை நானாகத்தான் இருக்க வேண்டும். லிண்டா எடுத்துக்கொண்டார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

விசாரணை ஆரம்பித்தது. ஹாஸ்டலில் சாதம் கிடைக்குமா என்று அம்மா கேட்டார். குளிர் எப்படி என்று அப்பா கேட்டார். சேகர் அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஆஃப்டர் திஸ், வாட் பேக்கேஜ்?” என்றார்.

“சில வருடங்கள் ஒன்றும் இருக்காது” என்றார் லிண்டா. (அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம், தமிழாக்கம் என்னுடையது.) அங்கிள் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தார். பிறகு சமாளித்துக்கொண்டு, பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் கேட்டுப் பழகியதைக் கேட்டார்: “பையன ஒரு பாட்டு பாடச் சொல்லுங்களேன்.”

“தேவையில்லை. நாங்கள் அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்” என்றார் லிண்டா.

“பட் வீ ஹாவ் நாட் செலக்டட் யூ” என்றார் அம்மா.

என் அம்மா செய்வது சாஃப்ட்வேர் டெஸ்டிங். குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். அவர் ஆங்கிலத்துக்கு மாறினால் விஷயம் தீவிரம் என்று அர்த்தம். டெக்ஸஸ் கல்லூரியைப் பற்றி அவருக்கு ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. அதை லிண்டாவிடம் கொட்டினார். அங்கிருந்து வரும் எல்லா மெயிலிலும் ‘அமேசிங்’. காஸ்ட்யூமுக்குக் கால் அளவு கேட்டார்கள், பையன் அனுப்பினான், அதற்கும் ‘அமேசிங்’. இவன் கால் அளவில் என்ன இருக்கிறது?

என் பக்கம் திரும்பித் தமிழில், “ரொம்ப சிரிக்கிற சம்பந்தி வீட்ட நம்பக் கூடாதுடா” என்றார். மறுபடி லிண்டாவிடம்: இவன் அமேசிங்காக இல்லாத அன்றைக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?

லிண்டா தட்டைக் கீழே வைத்தார். “பாடச் சொல்லுங்கள். சொல்கிறேன்.”

என் நல்ல நேரம் என்று நினைத்தேன். இரண்டு கல்லூரியையும் வீழ்த்திய அதே பாட்டு: காதலியைப் பிரிந்து கப்பல் ஏறுகிறவனின் கடைசி வார்த்தைகள். நிலா போனில் இசையைப் போட்டாள். கண்ணை மூடினேன், கையை விரித்தேன், உருகினேன். உச்ச ஸ்தாயியில் ஒற்றை முழங்காலில் விழுந்தேன். விழுந்த இடத்தில், யாரோ தரையில் வைத்திருந்த கேசரிக் கிண்ணம் இருந்தது. (கலைஞன் பாதியில் நிறுத்தக் கூடாது. சூட்டோடு சூடாகப் பாடி முடித்தேன்.)

சேகர் அங்கிள் மட்டும் கை தட்டினார்.

“உன் வாய் சோகமாக இருக்கிறது” என்றார் லிண்டா. “ஆனால் உன் புருவம், ‘பார்த்தீர்களா, நான் எவ்வளவு சோகம்’ என்று ஊரைக் கூப்பிடுகிறது.”

“எக்ஸாக்ட்லி!” அம்மா துள்ளி எழுந்தார். “வயித்து வலின்னு ஸ்கூலுக்கு மட்டம் போடும்போதும் இதே புருவம்தான்!”

“ஒவ்வொரு வரி முடிந்ததும் கைதட்டலுக்குக் காத்திருக்கிறான்.”

“பாத்திரம் கழுவினாக்கூட அப்படித்தான் நிப்பான்!”

அம்மா நாற்காலியிலிருந்து சோபாவுக்கு மாறினார். இரண்டு பேரும் தோளோடு தோள் உட்கார்ந்து என்னைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்கள். என் மூச்சு, என் முதுகு, என் சிரிப்பு, ஒன்றும் மிஞ்சவில்லை. சுயம்வர மண்டபத்தில் இரண்டு இளவரசர்களும் சேர்ந்து ராஜகுமாரிக்கு மாறுகண் என்று கண்டுபிடித்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

கடைசியில் லிண்டா, ஒட்டுகிற டேப் இருக்கிறதா என்று கேட்டார். நிலா அவ்வளவு வேகமாக மாடியேறி நான் பார்த்ததே இல்லை. என் இரண்டு புருவத்தையும் நெற்றியோடு சேர்த்து அவளே ஒட்டினாள், தேவைக்கு அதிகமாகவே.

முழங்காலில் கேசரி, நெற்றியில் டேப். “மறுபடி பாடு” என்றார் லிண்டா. நடிக்க முகமே இல்லாததால் வெறுமனே பாடினேன். போகிறேன், வர மாட்டேன் என்று அந்தப் பாட்டில் ஒரு வரி வரும். அதுவரை எத்தனையோ முறை பாடியிருந்தாலும், அந்த வரி என் காதில் விழுந்தது அன்றைக்குத்தான். பாட்டு முடிந்தது. அப்பா டி-ஷர்ட் நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “இப்பதான்டா கேக்கக் கஷ்டமா இருக்கு” என்றார்.

லிண்டா கிளம்பும்போது அம்மா குங்குமமும் ரவிக்கைத் துணியும் ஒரு டப்பா கேசரியும் (வேறு கிண்ணத்தில் இருந்தது) கொடுத்தார். வாசலில் நின்று, சம்பந்தம் பேச வந்தவர்கள் காலங்காலமாகச் சொல்லும் அந்த வசனத்தையும் சொன்னார்: “வீ வில் டிஸ்கஸ் அட் ஹோம் அண்ட் லெட் யூ நோ.”

என் வாழ்க்கை, என் கனவு, என் திங்கட்கிழமை! டேப் ஒட்டியிருந்ததால் என் அதிர்ச்சி யாருக்கும் தெரியவில்லை.

கதவு சாத்தியதும் அம்மா அப்பாவிடம், “ஏங்க, ஜெர்சிக்கே அனுப்பிரலாம்” என்றார்.

“அவ்ளோ தூரம்ன்னியே?”

“தூரம்தான். ஆனா இவனத் திட்டறதுக்கு அங்க ஒரு ஆள் இருக்கு. நான் நிம்மதியாத் தூங்குவேன்.”

ராகு காலத்துக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

அந்த நாலு வருடமும் லிண்டா என்னிடம் பேசியதைவிட அம்மாவிடம் பேசியது அதிகம். நிலாவின் போனில் இன்றைக்கும் என் பெயர் ‘ஐப்ரோஸ்’. வீடியோ காலில் ‘வேலையெல்லாம் நல்லாப் போகுதும்மா’ என்று நான் ஆரம்பித்தாலே, “புருவம்!” என்று ஒரு சத்தம் வரும். பொய் நின்றுவிடும்.

கடைசி வருட நாடகத்துக்கு எல்லாரும் ஜெர்சி வந்திருந்தார்கள். நான் தனியாகப் பாடும் இடத்தில் மூன்றாவது வரிசையைப் பார்த்துத் தொலைத்தேன். அம்மாவும் லிண்டாவும் ஆளுக்கொரு விரலைப் புருவத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நடுவில் அப்பா, பளிச்சென்ற மாம்பழ மஞ்சளில்.

முடிந்து வெளியே வந்ததும் அத்தை (அன்று போன் எடுத்துவிட்டார்) அதைத்தான் முதலில் கேட்டார். “என்னண்ணா இது, வேற காலேஜ் பேரப் போட்டுட்டு வந்திருக்கீங்க?”

அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டார். “மொதல்ல நிச்சயம் பண்ண எடம்மா. சம்பந்தம் மாறிப் போச்சு. துணியத்தான் திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க.”