கொம்பு வாங்கும் பூதமும் நெல் வாங்கும் நிலையமும்

மனித உழைப்பின் மாண்பைக் குறித்து இதுவரை உலகில் நடந்த விவாதங்களில் தலைசிறந்தது, சென்ற ஐப்பசியில், நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நடந்தது. ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பார்வையாளர் கூட்டம் பெருகி, நெல் போட இடம் இல்லாமல் போய்விடும். இப்போதும் இடம் இல்லை என்பது வேறு விஷயம்.

விவாதப் பொருள் இது: இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஆடும் சாகச விளையாட்டுகளில் ‘டெய்லி குவெஸ்ட்’ இருக்கலாமா, கூடாதா?

அறியாதவர்களுக்காக விளக்குகிறேன். நாங்கள் ஆடுவது ‘அசுரகண்டம்’. அதில் நாம் ஒவ்வொருவரும் ஒரு வீரன். வீரன் தினமும் காட்டுக்குப் போய், பத்து எருமைக் கொம்பு சேகரித்து, வடக்கு வாசலில் நிற்கும் பூதத்திடம் கொடுக்க வேண்டும். பூதம் வாங்கிக்கொண்டு ஒரு நீலக்கல் தரும். “நன்று வீரனே, நாளையும் வருக” என்று சொல்லும். மறுநாள் அதே காடு, அதே எருமை, அதே பத்துக் கொம்பு. ஒரு நாள் தவறினால் மற்றவர்கள் நம்மை முந்திவிடுவார்கள். விளையாட்டின் தமிழாக்கத்தில் இதற்குத் ‘தினப்பணி’ என்று பெயர்.

எங்கள் படை ‘கடைமடை வேங்கைகள்’. படைத்தலைவர் தமிழரசன். விளையாட்டுக்கு வெளியே அவர் நிலையத்தின் பட்டியல் எழுத்தர். எந்த நெல் இன்று எடைக்குப் போகும், எது போகாது என்று தீர்மானிப்பவர். கோடாரி வீரர் சைபுல்லா, வெளியே, மூட்டைகளைக் கிடங்குக்குக் கொண்டுபோகும் லாரியின் ஓட்டுநர். நான் அரவிந்தன், படைச் செயலாளர். வெளியே பருவகால உதவியாளன். ஈரப்பதம் பார்க்கும் கருவியைப் பிடிப்பது என் பொறுப்பு. மீதி நேரத்தில் மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பேன். பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்தில், ஓர் ஏழை அலுவலகப் படிக்கட்டில் வருடக்கணக்கில் காத்திருப்பதைப் படித்தால் எனக்குக் கண்ணீர் வந்துவிடும். அந்த நேரம் பார்த்து யாராவது ஜன்னலைத் தட்டி, “தம்பி, என் நெல்லு?” என்றால் எரிச்சலாக இருக்கும்.

தட்டுபவர் பெரும்பாலும் மங்களாம்பிகை. குத்தகை நிலத்தில் குறுவை போட்டு, அறுத்து, நெல்லை எங்கள் களத்தில் அம்பாரமாகக் குவித்துவிட்டுக் காத்திருந்தவர். இந்த நெல் விலையானால்தான் அவருக்கு அடுத்த போகமான தாளடி நடவு. காலையில் படுதாவை எடுத்து நெல்லைப் பரப்புவார். வெயில் ஏற ஏறக் காலால் கிளறிவிடுவார். சாயங்காலம் குவித்து மூடுவார். நடுவில் ஒருமுறை ஜன்னலுக்கு வருவார். நான் ஒரு பிடி நெல்லைக் கருவியில் போடுவேன். கருவி ஓர் எண்ணைக் காட்டும். தமிழரசன் அந்த எண்ணைப் பார்க்காமலேயே, “ஈரம் இருக்கும்மா, நாளைக்கு வாங்க” என்பார். எந்திர யுகத்திலும் எந்திரத்துக்கு அடிமையாகாத மனிதர் அவர்.

எங்கள் பகுதியில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு ‘மரியாதை’ உண்டு. அதைச் செய்தவர்களின் நெல், குளத்தில் முக்கி எடுத்தாலும் காய்ந்தே இருக்கும். மங்களாம்பிகை மரியாதை தெரியாதவர். எனவே அவருடைய நெல் எந்த வெயிலிலும் காயவில்லை. இதெல்லாம் அறிவியல்.

விவாதம் நடந்த நாளன்று, காலையிலிருந்தே கிழக்கில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. இணையம் மிக நன்றாக இருந்ததால், ‘இணையக் கோளாறு, நெல் பதிவு இல்லை’ என்ற அட்டையை ஜன்னலில் மாட்டிவிட்டுக் கூட்டத்தைத் தொடங்கினோம். தலைவர் எழுந்து நின்று பேசினார். மூன்று பேர் கூட்டத்தில் எழுந்து நிற்பதற்கு ஒரு பெருந்தன்மை வேண்டும்.

“ஒரு மனுஷன தினமும் வரச் சொல்றான். செஞ்ச வேலையவே திரும்பச் செய்யச் சொல்றான். கடைசியில, நாளைக்கு வான்னு அனுப்பிடுறான். என்ன நியாயம் இது? விளையாட வந்தவன வேலைக்காரன் ஆக்கிட்டான். ஒரு நாள் வரலைன்னா எல்லாம் போயிடுமோன்னு ஒரு பயத்த உண்டாக்கி வச்சிருக்கான். அந்தப் பயத்துலதான் அவன் பொழப்பே ஓடுது. மனுஷனோட நேரத்துக்கு ஒரு மதிப்பு வேணாமா?”

எனக்குப் பனி தேசத்துப் படிக்கட்டு நினைவுக்கு வந்தது.

ஜன்னல் தட்டப்பட்டது.

“சார், மேகம் திரண்டுட்டு வருது. ஒரு தடவ பாத்து எடைக்கு அனுப்பிடுங்க சார்.”

“அட்டையப் பாருங்கம்மா. நெட் இல்ல.”

“நெட்டு இல்லாமயா மூணு பேரும் போன நோண்டிக்கிட்டு இருக்கீங்க?”

“இது வேற நெட்டும்மா” என்று தமிழரசன் தொழில்நுட்பத்தை எளிமையாக விளக்கினார்.

சைபுல்லா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே மறுத்தார்.

“நான் ஒத்துக்க மாட்டேன் தலைவரே. என் லாரி காலியா நிக்குது. லோடு எப்பன்னு கேட்டா நீங்க வானத்தப் பாக்குறீங்க. காலையில எந்திரிச்சா இதான் வேலை, முடிச்சா இதான் கூலின்னு சொல்றது உலகத்துலயே அந்தப் பூதம் ஒண்ணுதான். அதையும் தூக்கிட்டா நான் எதுக்குங்க எந்திரிக்கணும்?”

“உணர்ச்சிவசப்படாதீங்க பாய். கொள்கையப் பேசுங்க.”

“சரி, கொள்கை. கொம்பு கொடுக்கப் போறப்பதான் வடக்கு வாசல்ல நாலு பேரப் பாக்குறோம். தினப்பணி இல்லைன்னா நம்ம படை எப்பவோ கலைஞ்சிருக்கும்.”

“பாக்குறோம். பேசுறோமா? கொம்பப் போட்டுட்டு அவனவன் ஓடிடுறான். அந்தக் காட்டுக்குள்ள எத்தன மலை, எத்தன குகை இருக்கு! ஒருத்தன் போய்ப் பாத்திருப்பானா?”

இரு பக்கமும் நியாயம் இருந்ததால் நான் ஒரு சமரசம் முன்வைத்தேன். தினமும் பத்துக் கொம்புக்குப் பதிலாக, வாரத்துக்கு ஒருமுறை எழுபது கொம்பு.

“எழுபது கொம்ப எதுலய்யா வைக்கிறது?” என்றார் சைபுல்லா. “சாக்கு இருக்கா?”

“சாக்கு வரல, நாளைக்கு வாங்க” என்றது தமிழரசனின் வாய். பழக்கம்.

ஓட்டெடுப்புக்கு விட்டோம். தினப்பணி வேண்டாம் என்று தலைவர், வேண்டும் என்று சைபுல்லா. நான் நடுநிலை வகித்தேன். ஈரப்பதக் கருவி பிடிக்கிற கைக்கு நடுநிலை தானாக வந்துவிடும்.

“பொதுமக்கள் ஒருத்தரக் கேட்டுடுவோம்” என்றார் தலைவர். ஜனநாயகத்தில் அவருக்கு அசையாத நம்பிக்கை. பொதுமக்கள் ஜன்னலிலேயே நின்றிருந்தார். தலைவர் அவருக்கு ஆதியோடந்தமாக எடுத்துச் சொன்னார்: வீரன், காடு, கொம்பு, பூதம், நாளையும் வருக.

மங்களாம்பிகை வானத்தை ஒருமுறை பார்த்தார். எடைக்கு அனுப்புகிறவரே கேள்வி கேட்கும்போது பதில் சொல்லாமல் போக முடியுமா?

“அந்தப் பூதம் கொம்ப வாங்கிக்குமா சார்?”

“வாங்கிக்கும்.”

“கொண்டு போன அன்னிக்கேவா?”

“உடனே வாங்கிக்கும்.”

“கொம்பு ஈரமா இருக்குன்னு சொல்லாதா?”

“சொல்லாதும்மா. அது பூதம்.”

“நெட்டு இல்லன்னு?”

சைபுல்லா லேசாக இருமினார்.

“அதெல்லாம் சொல்லாது” என்றார் தலைவர்.

“கை நீட்டுமா?”

இந்தக் கேள்வி விவாதப் பொருளுக்கு வெளியே இருந்ததால் தலைவர் அதை அவைக்குறிப்பிலிருந்து நீக்கினார். “நீட்டாதுக்கா, நீலக்கல்லு குடுக்கத்தான் நீட்டும்” என்றார் சைபுல்லா.

“அப்புறம் என்ன சார் உங்களுக்குக் குறை?” என்றார் மங்களாம்பிகை. “பத்துக் கொம்பு என்ன, நூறு கொம்பு கேட்டாலும் கொண்டுபோய்க் குடுக்கலாமே. இருக்கட்டும் சார். என் ஓட்டு பூதத்துக்கு.”

தினப்பணி வென்றது. தமிழரசன் தோல்வியை ஏற்ற விதத்தை வருங்காலத் தலைவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

“மக்கள் தீர்ப்பு. தலை வணங்குறேன்.”

“சந்தோஷம் சார். இப்ப என் நெல்லு?”

“ஒரு நிமிஷம்மா. நீங்க சொன்னபடி தினப்பணி தொடருதுல்ல? இன்னிக்குக் கொம்பு இன்னும் குடுக்கல. இருங்க, முடிச்சுட்டு வந்துடுறேன்.”

மூவரும் காட்டுக்குள் இறங்கினோம். தலைவர் நான்காவது கொம்பை உருவும்போது கொட்டகைத் தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன. ஆறாவது கொம்பில், தகரம் பேசுவதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. மங்களாம்பிகை ஜன்னலை விட்டு ஓடினார். பரப்பிக் கிடந்த நெல்லைக் கையாலும் காலாலும் கூட்டிக்கொண்டே, “யாராச்சும் படுதாவப் புடிங்களேன்!” என்று கத்தினார்.

இந்த இடத்தில் படையின் ஒழுங்குக்கு ஒரு களங்கம் நேர்ந்ததை மறைக்க விரும்பவில்லை. சைபுல்லா, ஏழு கொம்பு கையிலிருக்க, போனை மேசையில் எறிந்துவிட்டு வெளியே ஓடினார். தன் லாரியின் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வந்து, அரைகுறையாகக் குவிந்த அம்பாரத்தின் மேல் விழுந்து படுத்தார். காற்று ஒரு முனையைத் தூக்கியது. மங்களாம்பிகை அதன்மேல் உட்கார்ந்தார். மறுமுனையைத் தூக்கியது. களத்து மேட்டுத் தண்ணீர், தார்ப்பாயை யாரும் பிடிக்காத பக்கமாக, நெல்லுக்கு அடியில் நிதானமாகப் புகுந்தது.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாவலில் வருவது போலவே இருந்தது; பனிக்குப் பதிலாக மழை, அவ்வளவுதான். கண் கலங்கியது. எழுந்து போகத் தோன்றவில்லை.

“நன்று வீரனே, நாளையும் வருக” என்றது தலைவரின் போன்.

மழை அந்த வாரம் முழுக்க விடவில்லை. வெயில் வந்த அன்று மங்களாம்பிகை ஜன்னலுக்கு வந்து ஒரு பிடி நெல்லை நீட்டினார். ஒவ்வொரு மணியிலிருந்தும் வெள்ளையாக ஒரு முளை எட்டிப் பார்த்தது. நான் நடுநிலையோடு கருவியில் போட்டேன். தமிழரசன் அன்றுதான் முதன்முறையாகக் கருவியின் எண்ணைக் குனிந்து பார்த்தார்.

“பாத்தீங்களா? நான் அன்னிலேருந்து சொன்னேன்ல, ஈரம்னு?” அவர் குரலில், உண்மை கடைசியில் வென்றே தீரும் என்ற நிறைவு இருந்தது. “முளைச்ச நெல்ல எடுக்க விதியில்லம்மா.”

மங்களாம்பிகை சண்டை போடவில்லை. அழவும் இல்லை. முளைத்த நெல்லைக் கருவியிலிருந்து வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். போகிற போக்கில் என்னிடம்தான் கேட்டார்.

“ஏந்தம்பி, அந்தப் பூதத்துக்கு நம்ம ஊருக்கு மாத்தல் கெடைக்குமா?”

படைச் செயலாளர் என்ற பொறுப்போடு யோசித்துப் பார்த்துத்தான் சொன்னேன்.

“கெடைக்காதும்மா. இந்த வேலைக்கு மனுஷங்கள மட்டும்தான் எடுக்குறாங்க.”