சிலுவைப் பலகையில் ஒரு பேட்

இனிமேல் கடையில் விற்கிற பேட்டைத் தொடமாட்டேன், என் பேட்டை நானே வீட்டில் செய்துகொள்வேன் என்று நான் சபதம் போட்டது கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்து மைதானத்தின் நட்டநடுவில். சிக்ஸர் அடிக்கத்தான் வீசினேன். பந்து அங்கேயே கிடந்தது. பேட்டின் பட்டை பறந்துபோய் மிட்-ஆனில் நின்றவர் கையில் விழுந்தது. அவர் 'அவுட்' கேட்டார். என் கையில் பிடி மட்டும் மிச்சம். அந்தப் பிடியை உயர்த்தித்தான் சபதம் போட்டேன். எங்கள் கம்பெனி டீமே கைதட்டியது.

வீட்டுத் தெரு திரும்பியதும் சபதம் பாதியாகக் குறைந்துவிட்டது. வீட்டில் சுகிர்தா இருக்கிறாள். என் மனைவி. சிப்காட்டில் இன்னொரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன். சாமானில் முடியளவு கீறல் இருந்தாலும் எடுத்து ஓரமாக வைத்துவிடுவாள். கல்யாணமானதிலிருந்து என்னையும் அதே கண்ணால்தான் பார்க்கிறாள்.

போன வருஷம் ஒரு செருப்பு ஸ்டாண்டு செய்தேன். செருப்பு ஸ்டாண்டு என்று நான் சொன்னேன். பார்த்தவர்கள் விறகு என்றார்கள். அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டாள்: "ரம்பம், உளி எதுவும் இந்த ஊட்டு வாசப்படி ஏறக் கூடாது."

ஆகவே ரகசியமாகத் தொடங்கினேன். பக்கத்து வீட்டு ஜோசப் காட்டுப்பள்ளி கப்பல் கட்டுகிற இடத்தில் தச்சு வேலை செய்கிறான். அவனிடம் ரம்பமும் மரம் சீவுகிற இழைப்புளியும் கேட்டேன்.

"இன்னா மரம் ஸ்டீபா?"

"வில்லோ. பேட் செய்யற மரம். ஆன்லைன்ல வரவெச்சேன்."

"வில்லோவா? பேர்லயே வில்லங்கம் கீதே. சுகிர்தாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ நான் இழைப்புளி குடுத்ததும் எனக்குத் தெரியாது."

கப்பல் கட்டுகிறவன்தான். ஆனால் சுகிர்தா பேரைச் சொன்னால் தரை தட்டிவிடுவான்.

எனக்கு அந்த வாரம் ராத்திரி ஷிப்ட். அவள் காலை ஷிப்ட் போனதும் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்தேன். செல்போனைக் குழாயில் சாய்த்து வைத்து, பேட் செய்கிற வீடியோவைப் போட்டேன். அதில் ஒருவர் வாழைப்பழம் உரிப்பதுபோல மரத்தைச் சீவிக்கொண்டிருந்தார். இவ்வளவுதானா என்று எனக்கும் தைரியம் வந்தது. பட்டையின் தலையில் முக்கோணமாகப் பிளந்து, அதற்குள் பிரம்புப் பிடியைச் செருக வேண்டும். வெட்டினேன். பிளவு அகலமாகிவிட்டது. பேட் பிடித்து நாம் ஆட வேண்டும். என் பேட்டில் பிடியே ஆடியது. சரி, பட்டையையாவது அழகாக்குவோம் என்று இழைத்தேன். வலது பக்கம் இளைத்தது. சமமாக்க இடது பக்கம் இழைத்தேன். அதுவும் இளைத்தது. கடைசியில் தோசைத் திருப்பி அளவுக்கு வந்து நின்றது. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் குப்பையைக் கூட்டி முடிப்பதற்குள் சுகிர்தா வந்துவிட்டாள்.

"இன்னாய்யா தலையில?"

"பொடுகு."

"பொடுகு சுருள் சுருளாவா வரும்?"

என் தலையிலிருந்து ஒரு மரச்சீவலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குப்பையில் போட்டாள். கையைக் கழுவிவிட்டு எனக்குச் சோறு போட்டாள். அவள் திட்டினால் எனக்குப் பழக்கம். திட்டாவிட்டால்தான் பயம்.

மறுநாள் அவள் போனதும், தோசைத் திருப்பியை இன்னும் பத்திரமாக ஒளிக்கலாம் என்று பரணில் ஏறினேன். கிறிஸ்துமஸ் ஸ்டார் பெட்டிக்குப் பக்கத்தில், பழைய பெட்ஷீட்டில் சுற்றி ஒரு பலகை. பிரித்தேன். வெள்ளை மரம். தூக்கினால் காற்று மாதிரி. ரேகைகள் கோடு போட்டது மாதிரி நேராக ஓடின. ஆண்டவரே என் கஷ்டத்தைப் பார்த்து இறக்கிக் கொடுத்தார் என்று நினைத்தேன். ரம்பத்தை வைத்தேன். தலைப் பிளவை வெட்டி, பேட்டின் தோள்பட்டை இரண்டையும் அறுத்துக்கொண்டிருக்கும்போது காம்பவுண்டு சுவருக்கு மேல் ஒரு தலை எழும்பியது. ஜோசப்பின் மனைவி விக்டோரியா. சுகிர்தா கம்பெனியில்தான் இவளும் வேலை பார்க்கிறாள், ஷிப்ட் மட்டும் வேறு.

"ஸ்டீபன் அண்ணா, இன்னா பண்றீங்க... ஐயையோ! அது சிலுவைப் பலகை இல்ல?"

"இன்னா பலகை?"

"சுகிர்தாக்கா சொல்லலியா? அவங்க அண்ணன் மிலிட்ரிலேர்ந்து வரும்போது காஷ்மீர்லேர்ந்து எடுத்தாந்தது. அவங்க ஊரு சர்ச்சுக்கு சிலுவை செய்யறதா வேண்டிக்கினாராம். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கினு போகப் போறாரு."

ரம்பம் மரத்தில் சிக்கிக்கொண்டது.

மச்சான் அன்புசெல்வனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கதவைத் திறந்தால் வெளிச்சம் வராது, அவர்தான் வருவார். கல்யாணத்தன்று எனக்குக் கை கொடுத்தார். மோதிரம் வளைந்துவிட்டது. அது அவர் சந்தோஷமாக இருந்தபோது.

ஜோசப்பிடம் ஓடினேன்.

"இப்படியே திருப்பி வெச்சிடட்டுமா?"

"சிலுவைக்கு எதுக்குடா தோள்பட்டைன்னு கேட்டா?"

"ஆந்திரா பார்டர் பக்கத்துலதானே கீது? தாண்டிப் போயிடட்டுமா?"

"மிலிட்ரிக்காரனுக்கு பார்டர்தான் ஊடே."

ஒரே வழிதான் இருந்தது. பார்த்தவுடன் மனசு இளகுகிற மாதிரி அந்தப் பேட்டைச் செய்து முடிப்பது. செத்தாலும் நல்ல பேட்டோடு சாவது.

இந்த முறை கையில் தைரியம் ஒரு சொட்டு இல்லை. இழைப்புளியை ஒரு தள்ளு தள்ளுவேன். காகிதம் மாதிரி ஒரு சீவல் வரும். நிறுத்துவேன். தடவிப் பார்ப்பேன். கர்த்தரே என்பேன். அடுத்த தள்ளு. பிரம்புப் பிடியை மரச்சுத்தியால் தட்டித் தட்டி இறக்கினேன். இடையில் ஒரு நூல்கூட நுழையாது. பசை போட்டு, பிடியில் நூல் சுற்றி, உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் தடவினேன். பட்டை இறுக வேண்டும் என்று மரச்சுத்தியால் தட்டும்போது ஒவ்வொரு 'தொப்'புக்கும் என் நெஞ்சிலிருந்து ஒரு 'தொப்' பதில் வந்தது. எண்ணெய் தீர்ந்து, வாங்கப் போன வழியில் பெரியபாளையத்தம்மன் கோயிலைக் கடக்கும்போது வண்டியிலிருந்தபடியே ஒரு கும்பிடும் போட்டுவிட்டேன். கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார். மச்சானை அவருக்கும் தெரியும்.

வீட்டிலோ சுகிர்தா என்மேல் பாசத்தைக் கொட்டினாள். கேட்காமலே இரண்டு முட்டை வறுத்து வைத்தாள்.

"நல்லா துண்ணு. மூஞ்சியே வெளுத்துப் போய்க் கீது."

"ஒண்ணுமில்ல."

"ஞாயித்துக்கிழமை அண்ணன் வர்றாரு."

"எ... எதுக்கு?"

"ஒரு சாமான் விஷயமா. பரண்ல கீது. நீயே எறக்கிக் குடுத்துடு. நீதான ஒசரம்?"

மிச்ச முட்டையைத் தட்டோடு அவள் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சர்ச்சில் போதகர் என்ன பேசினார் என்று தெரியாது. 'மன்னிப்பு' என்ற வார்த்தை வந்தபோது மட்டும் சுகிர்தா முகத்தைப் பார்த்தேன். அவள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பினால் வாசலில் ஒரு மினி லாரி. மச்சான் இறங்கினார். லாரி ஓர் அங்குலம் உயர்ந்தது. விக்டோரியாவும் ஜோசப்பும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். சுகிர்தா வாயைத் திறக்கும் முன் நான் உள்ளே ஓடி, பேட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து முட்டி போட்டேன்.

"மச்சான், மன்னிச்சிடுங்க. சிலுவைன்னு தெரியாம அறுத்துட்டேன்."

அவர் பேட்டை வாங்கினார். எடை பார்த்தார். நின்ற இடத்திலேயே ஒரு கவர் டிரைவ் ஆடினார். வாசல் டியூப்லைட் நடுங்கியது.

"ஜோரா கீது மாப்ள. ஆனா எந்தச் சிலுவை? எங்க ஊரு சர்ச்சுல இரும்புலயே பெருசா ஒண்ணு நிக்குதே."

விக்டோரியாவைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

சுகிர்தா பேட்டை வாங்கி, ஒற்றைக் கண்ணை மூடி ஓரத்தை நோட்டம் விட்டாள். பிடியை ஆட்டினாள். ஆடவில்லை.

"பாஸ்" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான்.

"அப்போ இந்தப் பலகை?"

"எங்க லேடீஸ் டீமுக்கு பேட் செய்யணும்னு அண்ணன்கிட்ட சொல்லி நான் வரவெச்சது. உன் தலையில மரச்சீவலைப் பார்த்ததும் உன்கிட்டயே குடுக்கலாம்னு நெனச்சேன். கூட்டும்போது கட்டிலுக்கு அடியில ஒரு தோசைத் திருப்பி கெடச்சுது. நீ தைரியமா செஞ்சா அப்படித்தான் வரும்னு புரிஞ்சு போச்சு. பயந்தாதான் உனக்குக் கை ஒழுங்கா வேலை செய்யும். பலகைய உன் கண்ணுல படற மாதிரி பரண்ல வெச்சேன். உன்னைப் பயமுறுத்தச் சொல்லி கேப்டன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேன்."

"யாரு கேப்டன்?"

"சாரிண்ணா" என்றாள் விக்டோரியா. "டீம் முக்கியம் இல்லியா?"

மச்சான் லாரியின் பின்கதவைத் திறந்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று பலகைகள் அடுக்கியிருந்தன. "மொத்த டீமுக்கும் கீது. எறக்கிக்கோ மாப்ள" என்று தோளில் தட்டினார். நான் இன்னும் முட்டி போட்டபடிதான் இருந்தேன். இல்லாவிட்டாலும் அந்தத் தட்டுக்கு முட்டி போட்டிருப்பேன்.

"சரி, செய்யறேன்" என்றேன். "ஆனா இந்த ஒண்ணை மட்டும் எனக்குக் குடு. சாயங்காலம் மேட்சு இருக்குது."

சுகிர்தா பேட்டை விக்டோரியா கையில் கொடுத்தாள்.

"நீ இனிமே ஆட வரமாட்டேன்னு உங்க டீமுக்கு காலையிலேயே போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

"ஏன்?"

"நீ ஆடப் போயிட்டா பேட்டை யாருய்யா செய்யறது?"