ஷெட்டு அண்ணாச்சி கட்டிய இரண்டு பாலங்கள்

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து எடுக்கிற புரோகிராமர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். என் ஜாதகம் அப்படி.

அவரை 'ஷெட்டு' அண்ணாச்சி என்போம். நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி போர்மேனாக இருந்தவர், நாற்பது வயதுக்கு மேல் ஜாவா படித்துவிட்டு, சிவகாசியில் எங்கள் சின்ன சாப்ட்வேர் ஆபீசுக்கு வந்தார். வெடிமருந்து ஷெட்டுக்குள் நுழையுமுன் உடம்பிலிருக்கும் மின்சாரத்தைத் தகட்டைத் தொட்டு இறக்குவார்கள். அந்தப் பழக்கத்தில் எங்கள் வாசலிலும் ஒரு தகடு அடித்துவிட்டார். செருப்பு வெளியே. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது. டீக்கடைக்காரர் உள்ளே வந்தால் எங்களில் ஒருவர் எழுந்து வெளியே போக வேண்டும். பெரும்பாலும் நான்தான் போனேன்.

"ஏலே, சிரிக்காத. இங்கன நான் இருக்கிற வரைக்கும் இதான் சட்டம்" என்பார்.

ரெண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு தீபாவளி சீசன். பட்டாசுக் கம்பெனிகளுக்கு லோடு சீட்டு அடிக்கிற எங்கள் புரோகிராம் காலையிலேயே படுத்துவிட்டது. எழுப்பினால் அரை நிமிடம் மூச்சு விடும், மறுபடி படுத்துக்கொள்ளும். சீட்டு இல்லாமல் லாரி நகராது. முதலாளி ஷெட்டு அண்ணாச்சி முன்னால் வந்து நின்றார்.

"நேத்து இதுல கை வச்சது நீங்கதான? சாயங்காலத்துக்குள்ள ஓடலைன்னா நாளைக்கு நீங்க வரவேண்டாம் அண்ணாச்சி."

மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டு நோண்டினேன். புரோகிராம் தான் செய்வதையெல்லாம் வரிவரியாகக் குறித்துக்கொண்டே போகும். அதுதான் லாக். அந்தக் குறிப்பை எழுத, யாரோ முன்பே எழுதி வைத்த 'ஜார்' என்கிற ஜாவா கோப்புகள் ரெடிமேடாகக் கிடைக்கும், ஒன்று போதும். எங்களிடம் இரண்டு இருந்தன. அதைக்கூட மன்னித்துவிடலாம். முதலாவது தனக்கு வந்த வரியை இரண்டாவதுக்குத் தள்ளியது, இரண்டாவது அதை முதலாவதுக்கே திருப்பித் தள்ளியது. தாலுகா ஆபீசில் என் ரேஷன் கார்டு மனு அலைந்த மாதிரிதான். ஒரு வரியும் எழுதப்படாமல் இழுபறியிலேயே புரோகிராம் செத்தது.

"அண்ணாச்சி, ரெண்டுக்கும் நடுவுல இப்படிப் பாலம் கட்டுனது யாரு?"

"நாந்தான். அங்கிட்டு ஒண்ணு, இங்கிட்டு ஒண்ணு. ஒண்ணு எரிஞ்சாலும் இன்னொண்ணுல இருக்கணும்ல."

"ஜார் எப்படி அண்ணாச்சி எரியும்?" கத்தியே விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "எங்க ஷெட்டு வெடிச்சப்ப ஆள் பேரு எழுதுற ரிஜிஸ்டரும் உள்ளதான் இருந்துச்சுலே. யாரு யாரு இருந்தாகன்னு கேட்டாக. மூணு பேரைச் சொன்னேன். நாலாவது, வேற ஒருத்திக்குப் பதிலா அன்னைக்கு மட்டும் வந்த பிள்ள. எனக்கு ஞாபகமே வரல. அவ அப்பன் பொழுது சாயுற வரைக்கும் கம்பெனி பஸ்ஸ எதிர்பார்த்து நின்னாராம்."

கத்தியதற்காக வெட்கப்பட்டேன்.

ஒரு பாலத்தை எடுத்தேன். நாலரைக்குப் பிரிண்டர் கத்த ஆரம்பித்தது. லாரிகள் கிளம்பின. முதலாளி, "நாளைக்கு நேரத்துக்கு வந்துருங்க அண்ணாச்சி" என்றுவிட்டுப் போனார்.

"இப்பவும் ரெண்டு இடத்துல பதியுதாலே?" என்றார் அண்ணாச்சி.

"பதியுது அண்ணாச்சி."

பச்சைப் பொய். ஒரே இடத்தில்தான் பதிந்தது. அவர் நிம்மதியாக டீ குடிக்கப் போனார். திரும்பி வருவதற்குள் அவசரமாகப் பத்து வரி எழுதி, எங்கள் லாக் முழுவதும் மணிக்கொரு தடவை அடுத்த கட்டடத்துக் கம்ப்யூட்டரிலும் போய்ச் சேருகிற மாதிரி செய்தேன். அந்த மனுஷனிடம் சொன்னது பொய்யாகவே இருந்துவிட எனக்கு மனசு வரவில்லை.