ஆதிமூலமும் உதைபட்ட பக்கெட்டும்

இங்கிலீஷ் பாஷை கப்பலில் வந்தது என்று நம்புகிறவர்கள் எங்கள் ஆதிமூலத்தைச் சந்தித்ததில்லை. அதில் முக்கால்வாசி சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே உற்பத்தியானது என்பது அவர் கட்சி.

நாமக்கல்லில் ஒரு வக்கீலிடம் அவர் பெரிய குமாஸ்தா, நான் சின்ன குமாஸ்தா. எந்த இங்கிலீஷ் வசனத்துக்கும் ஆதி எது, மூலம் எது என்று சொல்லுவார். அதனால் அந்தப் பட்டப்பெயர். நிஜப் பெயர் அவர் மனைவிக்குத் தெரியும். அந்தக் காலத்து மனைவி, வாயால் சொல்ல மாட்டார்.

பெருமழையை வெள்ளைக்காரன் பூனையும் நாயுமாகக் கொட்டுகிறது என்கிறானே, ஏன்?

"புதுச்சத்திரத்துல கூரைக் கொட்டாயில ஒரு தொரை படுத்திருந்தானுங்க. மழைக்குக் கூரை பிச்சுக்கிட்டு, மேல இருந்த பூனையும் நாயும் அவன் வவுத்து மேல உளுந்துருச்சு. ஊருக்குப் போயி அதையே சொல்லிட்டான்."

"நாய் எப்படிய்யா கூரை மேல ஏறுச்சு?" என்றார் வக்கீல்.

"பூனையைத் தொரத்திக்கிட்டுங்க."

லண்டனில் நடந்ததாக வைத்துக்கொள்ளலாமே என்று வக்கீல் கெஞ்சிப் பார்த்தார். "நடந்த எடத்தை மாத்தறதுக்கு நானு யாருங்க?" என்று ஆதிமூலம் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். வக்கீலே போய் அழைத்து வந்தார்.

எனக்கோ பெண் பார்க்கப் போனால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஊமை மாப்பிள்ளை என்று சில வீடுகளில் தட்டிக் கழித்துவிட்டார்கள். திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். இவள் இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று தோன்றியது. பேச்சுத் துணைக்கு ஆதிமூலத்தைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

பெண்ணின் தகப்பனார் சகுனம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். நாங்கள் வாசலில் கால் வைத்ததும், கறந்துகொண்டிருந்த மாடு பக்கெட்டை ஓர் உதை விட்டது. பால் என் கால்வரை ஓடி வந்தது.

"ஏனுங்க, மாப்பிள்ளை வாரப்பப் பால் கொட்டுதே" என்று அவர் முகத்தைச் சுருக்கினார்.

ஆதிமூலத்துக்கு முகம் மலர்ந்தது. "பக்கெட்டை உதைச்சுதுங்களா? இதுக்கு இங்கிலீஷ்ல ஒரு வசனமே இருக்குதுங்க. நம்ம ராசிபுரத்துப் பக்கம் பொறந்தது."

"அப்படிங்களா? என்ன அர்த்தமுங்க?"

"ஆளு செத்துப்போயிட்டான்னு அர்த்தமுங்க."

வெற்றிலைத் தட்டு உள்ளே திரும்பிப் போனது. தகப்பனார் எங்கள் குடைகளை எடுத்து நீட்டினார். நான் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

ஆதிமூலம் என்னைப் பார்த்தார்.

"முழுசாக் கேளுங்க. செத்தது யாரு? பிரம்மச்சாரி. கல்யாணம் நிச்சயமானவனைத்தான் தொரைங்க அப்படிச் சொல்றது. பிரம்மச்சாரி ஒழிஞ்சான், இனி மாப்பிள்ளைன்னு."

"நெசமாங்களா?"

"சத்தியமுங்க" என்றார், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

உள்ளே ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. தட்டு வெளியே வந்தது. தையில் கல்யாணம்.

என் மாமனார் வழக்கு விஷயமாக அடிக்கடி ஆபீஸுக்கு வருவார். ஒருநாள் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது வக்கீல் உள்ளே வந்து, "பழைய ஜட்ஜ் பக்கெட்டை உதைச்சுட்டாராம்" என்றார்.

ஆதிமூலம் மாமனாரைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்: "இந்த வயசுலயா? பொண்ணு எந்த ஊருங்க?"

வக்கீல் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். அதன்பின் வருஷக்கணக்காக அதைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்தது. ஆதிமூலம் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தச் சிரிப்பில் நான் மட்டும் சேர்ந்ததில்லை.