சந்திரகாந்தா டீச்சருக்குப் பௌதிகம் போதாது

தாவரவியல் பட்டதாரி ஒருவர் பௌதிகவியலில் முதுமாணிப் பட்டம் படிக்கலாமா என்பது தொண்ணூறுகளில் மாத்தளை மாவட்டத்தையே உலுக்கிய பிரச்சினை. நாட்டில் வேறு பிரச்சினை எதுவும் இல்லாதபடியால், இதை ஆராயத் தகுதி நிர்ணயச் சபை என்று ஒன்று இருந்தது.

எங்கள் ஊர்ப் பாடசாலையில் ஒரு வழக்கம்: ஆளில்லாத பாடம் கடைசியாக வந்தவர் தலையில். பௌதிகம் படிப்பித்த யாழ்ப்பாணத்து மாஸ்டர் எண்பத்துமூன்று கலவரத்தில் ஊருக்குப் போனவர், திரும்பவில்லை. அடுத்து வந்தவர் எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து பட்டம் பெற்ற சந்திரகாந்தா டீச்சர். இலையும் வேரும் படித்தவர் அன்றிலிருந்து மின்சாரமும் காந்தமும் படிப்பித்தார். பிள்ளைகள் கேள்வி கேட்டால் பாவம், அவருக்கு அழுகை வந்துவிடும். அதனால்தான் ஒழுங்காகப் படித்துவிடலாம் என்று விண்ணப்பித்தார்.

சபைத் தலைவர் பதுர்தீன் சேர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க தாவரவியல். பௌதிகத்துல அடிப்படை இல்லயே?"

"அதத்தானே சேர் பத்து வருஷமா படிப்பிக்கிறேன்?"

"படிப்பிக்கலாம். படிக்கத்தான் தகுதி வேணும்."

ஆனாலும் சேர் இரக்கமுள்ளவர். வழியொன்று சொன்னார்.

"மாவட்டத்துல பதிவான பௌதிக ஆசிரியர்கிட்ட பரீட்சை எழுதி, போதிய அறிவிருக்குன்னு அத்தாட்சி வாங்கிட்டு வாங்க."

"யாரு சேர் இருக்காங்க?"

லிகிதர் பதிவைப் புரட்டினார். தமிழ்மொழியில் ஒரேயொருவர்தான்: செல்வி சந்திரகாந்தா.

"அப்ப, நானே எனக்கா?"

"அவங்களப் போய்ப் பாருங்க," என்றார் சேர். "நல்ல டீச்சர்னு கேள்வி."

டீச்சர் தானே வினாத்தாள் தயாரித்தார், தானே எழுதினார், தானே திருத்தவும் உட்கார்ந்தார்.

"கண்ண மூடிக்கிட்டு பாஸ் போட்டுருங்க டீச்சர்," என்றோம் பெற்றோராகிய நாங்கள்.

"பொய்க் கையெழுத்து போட மாட்டேங்க," என்றார். பல கேள்விகளுக்கு அவரிடம் பதில் இல்லை. 'போதிய அறிவில்லை' என்று எழுதி ஒப்பமிட்டார்.

தகுதிவாய்ந்த ஆசிரியர் சொன்னதைச் சபை எப்படி மறுக்கும்? விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மாணவியின் அறிவுக்குறைவுக்கு ஆழ்ந்த அனுதாபமும் ஆசிரியையின் நேர்மைக்கு மனமார்ந்த பாராட்டும் தெரிவித்து விழா எடுத்தார்கள். பெற்றோர் சார்பில் நாங்கள் மாலை போட்டோம். டீச்சர் விம்மி அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று கைதட்டினோம்.

திங்கட்கிழமை எங்கள் பிள்ளைகளை அவரிடமே பௌதிகம் படிக்க அனுப்பினோம். அந்த வருடம் பரீட்சைப் பெறுபேறு வந்ததும், ஒழுங்காகப் படிக்கவில்லை என்று பிள்ளைகளுக்குத்தான் அடி போட்டோம்.