கம்பத்துக் காற்று அடைத்த டியூப்

இரவல் வாங்காமலே வாழ்ந்து காட்டிய உயிர் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான். ஆமை என்று சொல்லாதீர்கள். அதற்கு வீடு சொந்தமாக இருக்கலாம், நீந்துகிற கடல் இரவல்தானே. நான் சொல்வது உத்தமபாளையம் மோட்டார்க்கடை அக்காவை.

தண்ணீர் மோட்டார், பைப், மருந்தடிக்கும் ஸ்பிரேயர் எல்லாம் விற்கும் கடை அவருடையது. நான் அப்போது ஒரு மோட்டார் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. பெரியகுளத்திலிருந்து பைக்கில் கிளம்பி கூடலூர் வரைக்கும் போய்க் கடைக்காரர்களிடம் ஆர்டர் வாங்குவதும் திட்டு வாங்குவதும் என் பிழைப்பு. அக்கா கடையில் இரண்டுமே தாராளமாகக் கிடைக்கும். இரண்டும் முடிந்ததும் டீ வாங்கித் தருவார்.

டீக்கடைக்குப் போகும்போதே அவர் தோள்பையிலிருந்து எவர்சில்வர் டம்ளர் வெளியே வரும். அதன் பின்னால் ஒரு சின்ன டப்பா வரும், அதில் சீனி. டீ மாஸ்டர் முதல் தடவை கோபித்துக்கொண்டாராம். "என் சீனி இனிக்காதாக்கா?" என்றதற்கு, "இனிக்கும்ப்பா. அது ஒனக்கு இனிக்கட்டும்" என்று பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கும் பையிலிருந்து ஒரு டம்ளர் வரும். அக்கா யாரிடமும் எதையும் வாங்க மாட்டாரே தவிர, கொடுப்பதற்குக் கணக்கே கிடையாது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதற்கும் கிடையாது.

சின்னமனூரில் ஒரு கல்யாணம். பந்தியில் இலை போட்டாயிற்று. அக்கா அதை மரியாதையாக ஓரம் தள்ளிவிட்டு, சொந்தத் தோட்டத்தில் அறுத்துச் சுருட்டிக் கொண்டுவந்த இலையை விரித்தார். பெண்ணின் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் கடைசிப் பந்தியில் இலைக்குத் தட்டுப்பாடு வந்தபோது அதே மனிதர் அக்காவைத் தேடிக்கொண்டு மண்டபம் முழுக்க ஓடினார். ஒரு கட்டு இலை காரில் இருந்தது. "ஒருவேளை கிழிஞ்சா மாத்துறதுக்கு வச்சிருந்தேன்" என்றார் அக்கா.

வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினம் ஏறினால், ராட்டினக்காரன் போடும் கம்பியை நம்பாமல், தன் கயிற்றால் தன்னைக் கட்டிக்கொள்வார். ஒரு வருஷம் முடிச்சு இறுகி அவிழவில்லை. அவிழ்க்கிற வரைக்கும் ராட்டினத்தை நிறுத்திவைக்க முடியாது என்று அவரை வைத்தே அடுத்த சுற்றையும் விட்டார்கள். இறங்கி வந்து என்னிடம் சொன்னது: "பாத்தியா தம்பி, கயிறுன்னா இப்பிடி இருக்கணும்."

இப்படிப்பட்ட அக்காவோடுதான் அவர் வீட்டுக்காரரும் இருந்தார். மாமா என்று நான் கூப்பிடுவேன். அக்கா பேசுவதில் பத்தில் ஒரு பங்குகூடப் பேசாத மனிதர். இளவட்டமாக இருந்தபோது முல்லைப் பெரியாற்றுப் பாலத்திலிருந்து தலைகீழாகக் குதிப்பார் என்று ஊரே சொல்லும். பிறகு ஒருநாள் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து கம்பி வைத்தார்கள். தேனியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்கா சொந்த மெத்தை, சொந்த ஃபேன், சொந்த பல்பு கொண்டுபோய் மாட்டினார். டாக்டர் பிரஷர் பார்க்க வந்தால் அக்கா பையிலிருந்து தன் மிஷினை எடுப்பார்.

"ஒங்க மிஷின்ல ஒருக்கா பாருங்க சார், எங்க மிஷின்ல ஒருக்கா பாருங்க."

இரண்டும் வேறு வேறு காட்டியது. டாக்டர் குழம்பி நின்றார். அக்கா சமாதானமாகச் சொன்னார்: "எங்கதுல கொறைச்சுக் காட்டுது. அதையே எழுதிக்கங்க."

மாமா எழுந்து நடந்தது கம்பு ஊன்றித்தான். கரையில் கால் சொன்னபடி கேட்காது. தண்ணீரில் மட்டும் கேட்டது. அதனால் தோட்டத்துக் கிணற்றில் ஒரு டிராக்டர் டியூபைப் போட்டு, அதில் அவரைச் சாய்த்து, டியூபில் கட்டிய கயிற்றைப் படியில் உட்கார்ந்து அக்கா பிடித்துக்கொள்வார். காலை வேளையில் ஆர்டர் எடுக்கப் போனால் அங்கேதான் போக வேண்டும். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் மாமா மல்லாந்து மிதந்தபடி தினசரிப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். காலை ஆட்டுவார், பக்கத்தைத் திருப்புவார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தால் இடுப்பில் கம்பி இருக்கிறவர் என்று சொல்ல முடியாது.

எங்கள் கம்பெனி அந்த வருஷம் நன்றாக விற்ற கடைக்காரர்களைக் குடும்பத்தோடு கப்பலில் சுற்றுலா கூட்டிப்போவதாக அறிவித்தது. கொச்சியில் ஏறி, தீவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் சொகுசுக் கப்பல். அக்கா பெயர் பட்டியலில் முதலில் இருந்தது. விஷயத்தைச் சொல்லப் போனேன். "அங்கன சோறு எப்பிடி இருக்குமோ" என்று அக்கா முகத்தைச் சுளித்தார். கிணற்றுக்குள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது.

"கடல்ல ஒருக்கா மெதக்கணும் புள்ள."

அவ்வளவுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனுஷன் வாய் திறந்து கேட்ட முதல் விஷயம் அது என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார். போகலாமா வேண்டாமா என்ற பேச்சு அந்த நிமிஷமே முடிந்தது.

பிரச்சினை எனக்கு ஆரம்பித்தது. மறுநாள் போன்.

"தம்பி, கடல்ல மெதக்குறதுக்கு அங்கன என்ன வச்சிருக்காக?"

"எல்லாமே இருக்குக்கா. லைஃப் ஜாக்கெட் குடுப்பாக."

"யார் யார் போட்டதோ. நான் டியூப்பைக் கொண்டாந்துருறேன்."

கப்பல்காரர்கள் அனுப்பிய விதிமுறைகளைப் படித்துக் காட்டினேன். நீர் விளையாட்டுச் சாமான்களைப் பயணிகள் கொண்டுவரக் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது. அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"அது வெளாட்டுச் சாமானுக்குச் சொன்னது தம்பி. இது வைத்தியச் சாமான்."

கிளம்பும் நாள் காலையில் வேன் அவர் கடை வாசலில் நின்றது. கடைக்குள்ளிருந்து டியூப் உருண்டு வந்தது. மடித்த டியூப் இல்லை, காற்று கும்மென்று அடைத்த டியூப். வேன் கூரையில் ஏற்றிக் கட்டியபோது, எருமை ஒன்று மேலே ஏறிப் படுத்திருப்பது போல இருந்தது.

"காத்தை எறக்கி மடிச்சுக் கொண்டாரலாமேக்கா" என்றேன்.

"எறக்கிட்டு? அங்கன போயி எவன் காத்தை அடைக்கிறது? கடக்காத்து உப்புக்காத்து தம்பி, டியூப்பு அரிச்சுப்போகும். இது நம்ம பள்ளத்தாக்குக் காத்து, கம்பத்துக் காத்து. காலையில நானே நின்னு அடைச்சேன்."

எல்லாவற்றுக்கும் மாற்று வைத்திருக்கும் அக்கா, பம்ப்பை மட்டும் கொண்டுவரவில்லை. காற்றையே கொண்டுவந்த பிறகு பம்ப் எதற்கு?

லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினோம். கேரள எல்லையில், குமுளி செக்போஸ்ட்டில் வேனை நிறுத்தினார்கள். காவலர் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அக்கா ஏலக்காய் யாவாரிகளுடன் பழகிய மலையாளத்தோடு இறங்கினார்.

"எந்தா சேச்சி இது?"

"டியூப்பாணு சாரே."

"உள்ளில் எந்தா?"

"காத்து."

"எவிடத்தெ காத்து?"

"கம்பத்துக் காத்து."

கஞ்சா இருக்குமோ என்று, கம்பத்திலிருந்து வருகிற எதையும் அங்கே சும்மா விட மாட்டார்கள். காவலர் கூரையில் ஏறி டியூபைத் தட்டினார், முகர்ந்தார், காதை வைத்துக் கேட்டார். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் இறங்கி வந்து, எங்களைப் போகச் சொன்னார். வேனுக்குள் மாமா சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

கொச்சித் துறைமுகத்தில் அப்படித் தப்ப முடியவில்லை. பெட்டி சோதிக்கும் மிஷினின் வாய்க்குள் டியூப் நுழையவே இல்லை. பாதுகாப்பு அதிகாரி ஒரு பெண். கோபப்படவில்லை, அதுதான் பெரிய சிக்கல், கோபப்பட்டிருந்தால் அக்கா ஜெயித்திருப்பார். காற்றோடு ஏற்ற முடியாது, காற்றை இறக்கி மடித்தால் கப்பல்காரர்கள் பத்திரமாக வைத்திருந்து தீவில் இறங்கும்போது தருவார்கள், கப்பலுக்குள் உபயோகிக்கக் கூடாது என்று அமைதியாகச் சொன்னார். பின்னால் வரிசை நீண்டது. என் மேலதிகாரி தூரத்திலிருந்து என்னையே பார்த்தார். 

அக்கா டியூபைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். "இதை எறக்கச் சொன்னா நாங்க ஊருக்குத் திரும்புறோம்."

மாமா கம்பை ஊன்றி மெதுவாக முன்னால் வந்தார். "விடு புள்ள. காத்துதான?"

"காத்துதானன்னு சொல்லாதீக. ஒங்களுக்குன்னு அடைச்சது."

"அங்கன போயிக் கடலைப் பாத்தாப் போதும். மெதக்கலைன்னாலும் பரவால்ல."

 பரவாயில்லை என்று மாமா சொன்னதுதான் அக்காவை அசைத்திருக்க வேண்டும். குனிந்து தானே வால்வைத் திறந்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. புஸ்ஸென்று அந்த நீளக் கூடத்தில் கம்பத்துக் காற்று இறங்க நெடுநேரம் ஆனது. வரிசையில் நின்றவர்கள்கூடச் சத்தம் போடாமல் பார்த்தார்கள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கண்ணுல காத்தடிச்சிருச்சு" என்றார். அடித்திருக்கலாம்.

கப்பலில் அக்கா சொந்தப் போர்வையில் தூங்கினார், சொந்தத் தட்டில் சாப்பிட்டார். வெள்ளைச் சட்டைப் பணியாளர் ஒவ்வொரு வேளையும் கப்பல் தட்டை நீட்ட, அக்கா தன் தட்டை நீட்ட, கடைசியில் அவரே வணக்கம் போட்டு விட்டுவிட்டார். கப்பலின் நீச்சல் குளத்தைக் காட்டி மாமாவை இறங்கச் சொன்னேன். "நம்ம கெணத்தைவிடச் சின்னதாருக்கு" என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தீவு வந்தது. படகில் கொண்டுபோய்க் கரையில் விட்டார்கள். இடுப்பளவு ஆழம்தான், பச்சையாகத் தெளிந்த தண்ணீர். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்க விட மாட்டார்கள் என்பதால் மாமாவுக்கும் ஒன்றை மாட்டினார்கள். அது அவரை நிமிர்த்தித் தூக்கியதே தவிர, சாய விடவில்லை. கால் ஊன்ற முடியாமல் இரண்டு தரம் தடுமாறினார், உப்புத்தண்ணீர் குடித்தார். பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தோம். மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"போதும் புள்ள. பாத்தாச்சுல்ல" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. அக்கா மடித்த டியூபை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படகுக் கொட்டகையில் இருந்த தீவுக்காரர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் ஆட்டோவுக்குக் காற்றடிக்கிற கால் பம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சேச்சி, இவிட பம்ப் உண்டு."

அடுத்தவன் பம்ப். அடுத்தவன் காற்று. அதுவும் உப்புக்காற்று. நான் அக்காவின் முகத்தையே பார்த்தேன். ஆயுசு முழுக்கக் கடைப்பிடித்த ஒன்று அந்த முகத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அவர் பம்ப்பைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், கடைசியாக மாமாவின் ஈரமான காலைப் பார்த்தார். பிறகு டியூபை அந்த மனிதரிடம் நீட்டினார்.

"அடைப்பா" என்றார். டியூப் பாதி எழும்பியதும், "இன்னும் கொஞ்சம் அடை. அவுக எடை தாங்கணும்" என்றார்.

ஜாக்கெட்டை மேலே கிடக்கும்படித் தளர்த்தி, மாமாவை டியூபில் சாய்த்து அலைமேல் விட்டோம். தன் கயிற்றை டியூபில் கட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் சேலையோடு நின்று பிடித்துக்கொண்டார் அக்கா. மாமா காலை ஆட்டினார். கால் ஆடியது. கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தவர், எதையோ மறந்தவர் போலக் கையைத் துழாவினார். அக்கா தோள்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார். நாங்கள் கிளம்பிய அன்றைக்கு ஊரில் வாங்கிய பேப்பர்.

"இங்கன என்ன பேப்பர் போடுறாகளோன்னு கொண்டாந்தேன்" என்றார்.

அன்று அரபிக்கடலில் மிதந்துகொண்டு, பழைய பேப்பரில் தேனி மாவட்டச் செய்திகளை ஒரு மனிதர் எழுத்து விடாமல் படித்தார். எங்களோடு வந்திருந்த ஆண்டிபட்டிக் கடைக்காரருக்கும் போடிக் கடைக்காரருக்கும் ஆசை வந்து, தயங்கித் தயங்கி அக்காவிடம் டியூப் கேட்டார்கள். அக்கா கொடுத்தார். அவர்கள் ஏறிய பிறகும் கயிற்றை விடவில்லை.

படகு கிளம்பும் நேரம் காற்றை இறக்க வேண்டியிருந்தது. நான் வால்வில் கை வைக்கப் போனேன். அக்கா தடுத்துவிட்டு, டியூபைத் தண்ணீர் ஓரம் வரைக்கும் உருட்டிக்கொண்டுபோய், கடல் பக்கமாகத் திருப்பி வைத்துத் திறந்தார்.

"எதுக்குக்கா அங்கன போயி?" என்றேன்.

"இங்கன வாங்குன காத்து தம்பி. இரவல் வாங்குனா, வாங்குன எடத்துலதான குடுக்கணும்."

அதன் பிறகு எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. விடைபெறப் போன அன்று டீக்கடையில் எனக்குக் கொடுத்த எவர்சில்வர் டம்ளரை, குடித்து முடித்ததும் கழுவி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அக்கா அதைக் கவனித்தார். அதிலிருந்து மாதம் தவறாமல் அவரிடமிருந்து போன் வரும். மாமா கிணற்றில் மிதக்கும் சேதியைச் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்பார்: "தம்பி, என் டம்ளரு எப்பத்தான் வரும்?"

"வாரேன்க்கா, அடுத்த மாசம் கொண்டாந்து தாரேன்" என்பேன். வருஷத்துக்கு இரண்டு தடவை போகவும் செய்கிறேன். டம்ளரை மட்டும் ஒவ்வொரு தடவையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். அதைக் கொடுத்துவிட்டால் அக்கா என்னை எதைச் சொல்லிக் கூப்பிடுவார்?