ஹார்மோன் சான்றிதழுக்கு வரிசையில் நின்ற சுருட்டை விரியன்

ஒரு காட்டில்... காடு என்றதும் அருவியையும் மயிலையும் தேடாதீர்கள். இது தேரிக்காடு. செம்மணல் மேடும் வெயிலும்தான் இங்கே. கால் வைத்தால் கொப்பளித்துவிடும். கால் இல்லாதவர்கள்தான் நிம்மதியாகக் குடியிருக்க முடியும். அப்படி வடக்கு மேட்டில் குடியிருந்தவன் கற்குவேல் என்கிற சுருட்டை விரியன்.

வருஷத்தில் பதினோரு மாதம் கற்குவேல் பரம சாது. உடைமர நிழலில் சுருண்டு கிடப்பான். பல்லி பக்கத்தில் வந்தால் தின்பான், வராவிட்டால் பட்டினி கிடப்பான். ஆனால் கோடை மழை ஒன்று பெய்து மண்வாசனை கிளம்பட்டும், உடம்புக்குள் ஹார்மோன் ஏறிவிடும். அப்புறம் இருப்புக் கொள்ளாது. தெற்கு மேட்டில் சொர்ணக்கிளி என்று ஒருத்தி இருந்தாள். போன வருஷம் இவன் யோசித்து யோசித்துக் கிளம்புவதற்குள் பருவம் முடிந்து அவள் வளைக்குள் போய்விட்டாள். பருவம் மொத்தமே இருபது நாள். இந்தத் தடவையும் விட்டால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரை கழுகு விட்டுவைக்குமா, யார் கண்டது?

"செத்தாலும் சரி, இந்த வருசம் போயே தீருவேன்" என்று கிளம்பினான். கிளம்பினவன் நேரே போக வேண்டியதுதானே? மாட்டான். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பிறவி.

சட்டம் இதுதான்: பருவத்துக்கு இடம் பெயரும் பாம்புகள் காட்டு அலுவலகத்தில் ஹார்மோன் சான்றிதழ் காட்டி அனுமதி வாங்க வேண்டும். முன்னே சில பேர் ஹார்மோன் பேரைச் சொல்லிவிட்டு வாழைத்தோட்டத்தில் தவளை தின்னப் போய்விட்டார்களாம். நாலு பேர் செய்த திருட்டுக்கு ஊருக்கெல்லாம் தண்டனை.

கற்குவேல் வரிசையில் நின்றான். பாம்பு எப்படி நிற்கும் என்று கேட்காதீர்கள். ஆபீஸ் என்று வந்துவிட்டால் எல்லாரும் நின்றுதான் ஆகவேண்டும். அவனுக்குப் பின்னால் லிங்கதுரை என்கிற இளவட்ட விரியன். அவனுக்கும் ஹார்மோன்தான். வரிசையின் நீளத்தைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இதுல நின்னா கெழவனான பொறவுதான் பொண்ணு பாக்க முடியும். நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு மணலில் நெளிந்து போய்விட்டான்.

"ஏல, அனுமதி இல்லாமப் போனா நடவடிக்கை எடுப்பாவல!" என்று கற்குவேல் கத்தினான். அவன் திரும்பியே பார்க்கவில்லை.

நாலாம் நாள் கற்குவேலின் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் ஓணான்.

"ஐயா, நான் தெற்கு மேட்டுக்குப் போலாமா?"

ஓணான் தலையை ஆட்டியது. கற்குவேல் சந்தோஷமாகக் கிளம்பினான்.

"எங்கவே போறீரு?"

"நீங்கதான தலைய ஆட்டுனீய?"

"அது என் பிறவிக் குணம்வே. உத்தரவு எழுத்துலதான் வரும்." பாரத்தை நீட்டியது. "இடது கைப் பெருவிரல் ரேகை வையும்."

"எனக்குக் கையே இல்லியே ஐயா."

"அப்போ கை இல்லன்னு சான்று கொண்டாரும். ரத்தமும் குடுத்துட்டுப் போம்."

ரத்தம் எடுப்பது கொசு. கால் சொட்டு பரிசோதனைக்கு, மிச்சம் தனக்கு. ஹார்மோன் ஐம்பது இருந்தாலே பாஸ், கற்குவேலுக்குத் தொண்ணூறு. மார்பு இருந்திருந்தால் நிமிர்த்தியிருப்பான்.

கை இல்லாத சான்று வர மூன்று நாள். கொண்டுபோய்க் கொடுத்தால், ஓணான் பாரத்தில் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்து "இது நீரு இல்லியே" என்றது. நடுவில் பாவி சட்டை உரித்திருந்தான். உரித்த சட்டையைத் தேடிக் கொண்டுவர நாலு நாள். வந்து பார்த்தால் ஓணான் விடுப்பு. வெயிலும் தள்ளுமுள்ளும் ஒரு பக்கம், 'இந்நேரம் சொர்ணக்கிளி வளைக்குள்ள போயிருப்பாளோ' என்ற கவலை ஒரு பக்கம். கற்குவேலுக்கு அழுகையே வந்துவிட்டது.

பதினெட்டாம் நாள் ஓணான் வந்தது. "ரத்தப் பரிசோதனை பழசாப் போச்சே. புதுசா எடும்."

எடுத்தார்கள். கவலையில் ஹார்மோனெல்லாம் வடிந்து நாலில் வந்து நின்றது.

"உமக்குத்தான் ஒண்ணுமே இல்லியேவே! பொறவு எதுக்குத் தெக்க போகணும்?"

கற்குவேல் யோசித்தான். அதானே, எதற்கு? உடம்பு குளுகுளுவென்று இருந்தது. கோபம்கூட வரவில்லை.

"தெரியலியே ஐயா" என்றான்.

ஓணான் எழுந்தே நின்றுவிட்டது. "பதினெட்டு நாளா அலைய விட்டிருக்கேன். கோவமும் இல்ல, ஆசையும் இல்ல, கேள்வியும் இல்ல. உம்ம மாதிரி ஆளத்தான்வே நாங்க தேடிக்கிட்டு இருக்கோம்!"

அங்கேயே உத்தரவு எழுதியது. கற்குவேல் இனி விசாரணை அலுவலர். அனுமதி இல்லாமல் இடம் பெயர்ந்தவர்களைப் பிடிக்க வேண்டும். முதல் வேலை தெற்கு மேட்டில், லிங்கதுரை வழக்கு. அலுவல் நிமித்தம் போகிறவர்களுக்குச் சான்றிதழ் தேவையில்லை.

இருபதாம் நாள் மத்தியானம் கற்குவேல் தெற்கு மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். வளை வாசலில் சொர்ணக்கிளி வாயும் வயிறுமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். லிங்கதுரை வந்த வேலை முடிந்து எப்போதோ போய்விட்டான். இவனைப் பார்த்ததும் தலையைத் தூக்கினாள்.

"வந்துட்டியளா? போன வருசமும் ஒங்களத்தான் எதிர்பார்த்தேன். இந்த வருசமும் பத்து நாளா இந்த மேட்டையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். ஒரு வாரம் முந்தி வந்திருக்கப்படாதா?"

கற்குவேல் விசாரணைப் பாரத்தைப் பிரித்தான்.

"பேரு?" என்று கேட்டான்.

நீதி: மனசில் ஆசை உள்ளவர்கள் ஆபீஸ் பக்கம் போகவேண்டாம், ஆசை போய் உத்தியோகம் கிடைத்துவிடும்.